வலது பாதிக்கு ஓய்வு

செங்காட்டுப்பாளையம் பத்மாலயா சாய மில்லில், டெஸ்டிங் ரூமில் வேலை பார்த்த பழனாத்தாளைக் கூப்பிட்டு, உன் வலது பாதிக்கு வயசாகிவிட்டபடியால் அந்தப் பாதிக்கு மட்டும் இன்றோடு வேலையிலிருந்து ஓய்வு கொடுக்கிறோம், இடது பாதி வழக்கம்போலக் காலை ஷிப்டுக்கு வந்துவிட வேண்டும், சம்பளமும் இனிமேல் அதற்குத் தக்கபடி பாதிதான் என்று மானேஜர் தண்டபாணி சொன்ன அன்றைக்கு, ஊரில் ஒருத்தர்கூட அதை அநியாயம் என்று சொல்லவில்லை. பாதி ஆள் வேலை செய்கிறாள், பாதிச் சம்பளம் கொடுக்கிறார்கள், இதில் என்ன குத்தம் என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள். அப்படிப் பேசினவர்களின் நாக்கெல்லாம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, ஒன்றும் அழுகிப் போகவில்லை.

பழனாத்தாளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயசு. அது இடது பக்கத்துக்கு. வகிட்டில் தொடங்கி மூக்கின் நடுவில் இறங்கி, தொண்டைக்குழி வழியாகத் தொப்புளுக்குப் போய் அதற்கும் கீழே போன ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் கரேலென்று முடியும், கெட்டியான கன்னமும், குடத்தைத் தூக்கி ஒரே வீச்சில் இடுப்பில் வைக்கிற கையும் இருந்தன. அந்தப் பக்கம் பஞ்சாய் வெளுத்த தலையும், தொங்கிப்போன கன்னமும், பல் விழுந்த ஈறும், நரம்பு புடைத்த கையும், மடக்கினால் நீட்ட வராத முழங்காலும் இருந்தன. நடக்கும்போது இடது கால் பஸ்ஸைப் பிடிக்க ஓடும், வலது கால் சித்த நில்லு கண்ணு என்று பின்னால் இழுக்கும். இது எப்படி ஆனது என்பதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. விளக்கால் ஆனது, மில்லில் எல்லாருக்கும் தெரியும்.

பத்மாலயா மில்லில் ஜன்னல் திரைத் துணிக்குச் சாயம் போட்டுக் கப்பலில் ஏற்றுவார்கள். சாயம் வெயிலுக்கு நிற்குமா என்று வாங்குகிறவன் கேட்பான். நிற்குமா என்று தெரிய வருஷக்கணக்கில் வெயிலில் போட்டுக் காத்திருக்க அவனுக்கும் பொறுமை இல்லை, இவர்களுக்கும் பொறுமை இல்லை, அதனால் டெஸ்டிங் ரூமில் ஒரு கார்பன் விளக்கு வைத்திருந்தார்கள். இரண்டு கரிக்குச்சிகளை முனைக்கு முனை காட்டிக் கரண்டு விட்டால் நடுவில் வெள்ளை நெருப்பு தாவி நிற்கும். அதைச் சுற்றி ஒரு வட்டச் சட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். சட்டத்தில் துணித் துண்டுகளை மாட்டி, ஒவ்வொரு துண்டிலும் பாதியை அட்டையால் மூடி வைப்பார்கள். எரிந்து முடிந்ததும் அட்டையை எடுத்துவிட்டு, மூடின பாதியையும் மூடாத பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் சாயத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்து அந்த அறையில் உட்கார்ந்த நாள் முதல் பழனாத்தாளுக்கு அந்த விளக்கோடு மல்லுக்கட்டுத்தான். அது ஒரு பொய் சொல்லி விளக்கு. வெயிலில் வருஷம் முழுக்கக் கிடந்தாலும் அசையாத நீலம் இதில் ஒரே நாளில் செத்துப்போகும். வெயிலில் ஒரு மாசம் தாங்காத சிவப்பு இதில் சிரித்துக்கொண்டு நிற்கும். ஊதா வெளிச்சம் அதிகம், மஞ்சள் பத்தாது, போதாததற்கு இருமும், துப்பும், நினைத்தால் அணைந்துவிடும். வெளிநாட்டுக் கரிக்குச்சி வருவது நின்றுபோன வருஷம் அவள் டூரிங் டாக்கீஸுக்கு நடையாய் நடந்து, ஆபரேட்டர் சுக்கூர் பாயிடம் படம் ஓட்டி மிச்சமான கரித்துண்டுகளை வாங்கி வந்தாள். அவற்றின் நடுவில் துளை போட்டு, மணவாளக்குறிச்சிக் கரையோரக் கறுப்பு மணலிலிருந்து எடுத்த உப்பைக் கரிப்பொடியோடும் தாரோடும் பிசைந்து திணித்து, அடுப்பில் சுட்டு, வெடித்து, மறுபடி பிசைந்து, மறுபடி சுட்டு, கண்ணிமை கருகி, கை கொப்புளித்து, கடைசியில் ஒரு கார்த்திகை மாசத்துக் காலையில் அந்த விளக்கு இருமாமல் துப்பாமல் எரிந்தது. பத்து மணி வெயில் எப்படி அடிக்குமோ அப்படியே அடித்தது. மதில் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் காய்ந்துகொண்டிருந்த வடகத் தட்டை எடுத்து டெஸ்டிங் ரூம் ஜன்னலுக்கு நேராக வைத்துவிட்டுப் போனாள்.

மானேஜர் தண்டபாணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விளக்கைத் திருத்தியவர் என்று அவர் படத்தை மில் வாசலில் மாட்டினார்கள். பழனாத்தாளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். அதையும் அவள் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. விளக்கு பொய் சொல்வதை நிறுத்திவிட்டது, அது போதும் என்று இருந்தாள். அந்த நல்ல மனசுக்கு என்ன கிடைத்தது என்று மேலே கேளுங்கள்.

கரி எரிய எரியக் குறையும். குறைகிறபோதெல்லாம் ஒரு திருகாணியைத் திருகி முனைகளை நெருக்கிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பு அறுந்துவிடும். திருகாணி விளக்கின் இக்கட்டால, இந்தப் பக்கத்தில் இருந்தது, ஸ்டூலையும் அதை ஒட்டித்தான் போட்டிருந்தார்கள், ஆகவே அவளுடைய வலது பக்கம் எப்போதும் விளக்கைப் பார்த்தே இருந்தது. கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொள்வாள். மார்கழியில் வலது காதோரம் நரைத்தது. தையில் வலது கை ரேகையெல்லாம் ஆழமானது. அன்றைக்கே போய் மானேஜர் முன்னால் நின்றாள்.

"ஒரு தகரம் வேணுமுங்க சார். எனக்கும் வெளக்குக்கும் நடுவுல நிறுத்தி, திருகாணிக்கு மட்டும் ஒரு ஓட்டை போட்டுட்டாப் போதுமுங்க."

தண்டபாணி சிரித்தார். "தகரத்த நட்டு வெச்சா வர்ற பார்ட்டி வெளக்க எப்புடிம்மா பாப்பாங்க? அதுவுமில்லாம, தகரம் வெச்சா இங்க என்னமோ ஆபத்துன்னு நாமளே ஒத்துக்கற மாதிரி ஆயிருமல்லோ."

"ஆபத்துதானுங்களே சார். என்ற தலையப் பாருங்க."

"ஒரு பக்கம் நரச்சா மை பூசிக்க. ரெண்டு பக்கமும் நரச்ச நாங்களே பூசறோம்."

மாசியில் அவள் மறுபடி கேட்டாள். பங்குனியில் மறுபடி கேட்டாள். முதலாளி அவினாசியப்பன் கார் ஏறப் போகையில் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், அவர் பாக்கலாம் பாக்கலாம் என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். சித்திரை பிறந்தபோது வலது பாதி கிழடாகி முடிந்திருந்தது. இனி எதை மறைக்க என்று அவள் கேட்பதை நிறுத்தவில்லை. இன்னும் உரக்கக் கேட்டாள்.

ஊர் என்ன செய்தது என்றால், பழகிக்கொண்டது. பழகிக்கொள்வதில் எங்கள் ஊரை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆற்றில் தண்ணி சிவப்பாய் வந்தால் இன்றைக்குச் சிவப்பு என்று சொல்லி ஊற்று தோண்டுகிற ஊர், ஒரு பொம்பளை பாதி கிழவியானதற்கா அசரும். பஸ்ஸில் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எந்திரிங்க, வயசான ஆத்தா நிக்குது என்றார்கள், இடது பக்கம் நின்றவர்கள் சின்னப் புள்ளைக்கு என்ன கேடு நிக்கட்டும் என்றார்கள், இருவரும் பேசித் தீர்ப்பதற்குள் அவள் இறங்குமிடம் வந்துவிடும். வலது பக்கமிருந்து வந்தவர்கள் ஆத்தா என்றும் இடது பக்கமிருந்து வந்தவர்கள் அக்கா என்றும் கூப்பிட்டார்கள், எதிரே வந்தவர்கள் சித்த தயங்கிவிட்டு ஏனுங்க என்று பொதுவாக முடித்துக்கொண்டார்கள். கல்யாண வீடுகளில் மணமக்களை அவள் வலது கையில் ஆசீர்வாதம் வாங்கச் சொல்லிவிட்டு, அப்படியே இடது கையில் பந்திக்குச் சாம்பார் வாளியைக் கொடுத்தார்கள். கல்யாணம் நடத்திவைக்கிற அருமைக்காரியாக அவளை ஆக்கலாமா என்றுகூட ஒரு வீட்டில் பேச்சு வந்தது: வலது பாதிக்கு வயசிருக்கிறது, இடது பாதிக்குப் புருஷனும் வாலிபமும் இருக்கிறது, இப்படி ஒரே ஆளில் எல்லாம் எங்கே கிடைக்கும் என்றார்கள். எழவு வீட்டில் வலது பக்கத்தை முன்னால் வைத்து உட்கார் என்றார்கள், சீமந்த வீட்டில் இடது பக்கத்தை முன்னால் வைத்து உட்கார் என்றார்கள். எப்படி உட்கார வேண்டும் என்று சொல்ல ஊரே இருந்தது. அந்த விளக்கை ஏன் இன்னும் மறைக்கவில்லை என்று கேட்க ஒரு நாதி இல்லை, அதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மில் டாக்டர் அவளை நிற்கவைத்துச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இது பிறவியிலேயே இருந்திருக்க வேண்டும், இப்போதுதான் வெளியே தெரிகிறது என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தைரியத்தில்தான் பாதி ஓய்வு வந்தது.

"கையெழுத்துப் போடும்மா," என்றார் தண்டபாணி.

"எந்தக் கையிலீங்க சார்? வலது கைக்கு வேலையில்லைன்னுட்டீங்களே."

"குதர்க்கம் பேசாத. ஓய்வு வயசு தாண்டின ஆளை மில்லுல வெச்சிருக்கக் கூடாது, அது சட்டம். பாதிய வெச்சுக்கறமேன்னு சந்தோசப்படு."

அவள் கையெழுத்துப் போடவில்லை. போடாவிட்டாலும் பாதிச் சம்பளம்தான் வந்தது. சங்கத் தலைவர் துரைராசுவிடம் போனாள். சங்கம் அவளுக்காகப் பேசியது, இல்லையென்று சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு, வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தார் துரைராசு. சமாதானம் பேசியாயிற்று என்றார். பழனாத்தாள் ஸ்டூலை விளக்குக்கு அந்தப் பக்கம், அக்கட்டால போட்டு, இடது பக்கத்தை விளக்குக்குக் காட்டிக் கொஞ்ச காலம் உட்கார வேண்டியது. ரெண்டு பக்கமும் ஒன்றுபோல ஆனதும் முழு ஆளாகவே ஓய்வு கொடுத்து, முழுப் பணமும் கொடுத்து, மாலை போட்டு வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

ஊருக்கே நிம்மதி. பஸ்ஸில் வம்பில்லை, பந்தியில் குழப்பமில்லை, எதிரே வந்தால் ஆத்தா என்று ஒரே வார்த்தை. வீடு தேடி வந்து சொன்னார்கள். ஒத்துக்க சாமி, பாதிப் பொழைப்பு என்ன பொழைப்பு, இப்படி ரெண்டுங்கெட்டானா இருக்கறதுக்கு அப்படி ஒரேயடியா ஆயிரலாமே என்று அவள் கன்னத்தைத் தடவினார்கள், அதுவும் இடது கன்னத்தை.

அவள் புருஷன் அங்கமுத்து சைக்கிள் கடை வைத்திருந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் பங்குனியிலிருந்தே அவன் பாய் அவளுடைய இடது பக்கத்துக்கு மாறியிருந்தது, அதை அவளும் கவனித்துத்தான் இருந்தாள். டியூபைத் தண்ணியில் முக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டே, அவளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்.

"ஒத்துக்கிட்டா என்ன பழனா? எனக்கும் வயசாகத்தானே போவுது."

"ஆவட்டும். உங்களுக்கு வெயில்ல ஆவட்டும், மழையில ஆவட்டும், நாள் போய் ஆவட்டும். எனக்கு இவனுங்க பண்ணி உட்டானுங்க."

"பண்ணிட்டானுங்க. இனி என்ன செய்யறது? முழுப் பணம் தர்றேங்கறானுங்கல்ல."

பழனாத்தாள் அவன் கையிலிருந்த டியூபைப் பிடுங்கி வீசினாள். "நான் அந்த ரூமுல துணி பாக்கறவ. பாதிய மூடி வெச்சுத்தான் பாப்பேன். மூடி வெச்ச பாதியையும் எடுத்து வெளக்குல காட்டிட்டா அப்பறம் அந்தத் துணி வெளுத்துதா, நெய்யும்போதே வெள்ளையான்னு எவன் சொல்லுவான்? அந்த டாக்டரு பொறவியிலயே கெழவின்னு எழுதிருவான். நானும் மாலையப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்துக்கணும். இந்த எடப்பக்கந்தாங்க சாட்சி. இத நான் எதுக்கும் குடுக்க மாட்டேன்."

அங்கமுத்து எழுந்து போய் டியூபை எடுத்து வந்தான். அன்றிலிருந்து அவன் பாய் அவளுடைய வலது பக்கத்துக்குப் போயிற்று. அது ஒன்றுதான் அந்த வருஷம் அவளுக்கு நடந்த நல்லது.

அவள் இடது பக்கத்தைக் கொடுக்க மாட்டேன் என்றதும் மில்காரர்கள் அவளைச் சாம்பிள் வெட்டுகிற மேஜைக்கு மாற்றிவிட்டு, விளக்குக்குப் புதுசாக ஆள் போட்டார்கள். கோகிலாமணி என்று பேர். புருஷன் பாய்லரில் வெந்துபோய்ப் படுக்கையில் கிடந்தான், ரெண்டு குழந்தைகள். பழனாத்தாள் போலக் கோணல்மாணலாக ஆகிப் பேர் கெட்டுவிடக்கூடாது என்று இந்தத் தடவை தண்டபாணி நன்றாக யோசித்திருந்தார். தகரம் போட யோசிக்கவில்லை. ஸ்டூலுக்கு அடியில் மோட்டார் வைத்து, துணிச் சட்டம் சுற்றுகிற மாதிரியே ஸ்டூலும் மெல்லச் சுற்றும்படி செய்திருந்தார். திருகாணி கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு சங்கிலியும் வைத்தார். முன்னும் பின்னும் இடமும் வலமும் ஒரே சீராக வெளிச்சம் படும், யாரும் வந்து பாதி முழுசு என்று சண்டை போட முடியாது. அதைப் பார்க்க மற்ற மில்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நல்ல மூளை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பழனாத்தாள் வெட்டுக் கத்திரியோடு போய் அந்த அறை வாசலில் நின்றாள். கோகிலாமணி மடியில் ஒரு கை வைத்து, மறு கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கோயில் தேரில் வைத்த பொம்மைபோல மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எறங்கு புள்ள."

முதுகு காட்டிப் போய்த் திரும்பி வருகிறவரை கோகிலாமணி பதில் சொல்லவில்லை. "எறங்கி எங்க போறதுங்கக்கா?"

"தகரம் கேளு. தகரம் போட்டாத்தான் உக்காருவேன்னு சொல்லு."

"கேட்டா வேற ஆளு வாசல்ல நிக்குதுங்க." மறுபடி முதுகு போயிற்று, முகம் வந்தது. "எனக்கொண்ணும் வெசனமில்லீங்கக்கா. எல்லாப் பக்கமும் ஒண்ணாப் போனா யாருக்கும் தெரியாதுன்னு மானேஜரே சொன்னாருங்க. எங்க ஊட்டுக்காரருக்கும் கண்ணு சரியா தெரியறதில்ல."

அந்தப் பேச்சு பழனாத்தாளைக் கத்தியால் குத்தின மாதிரி இருந்தது. யாருக்கும் தெரியாது. ஒரு பெண்ணின் ஆயுசை எடுத்துச் சட்டத்தில் மாட்டி எரிக்கிறதும் அல்லாமல், எரிந்த தடம் தெரியக்கூடாது என்று மோட்டார் வைத்துச் சுற்றிவிடுகிறார்கள், அந்தப் பெண்ணும் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டு சுற்றுகிறாள். அவள் பாய்ந்து ஒயரைப் பிடித்து இழுத்தாள், ஸ்டூல் நின்றது. நின்றதற்குக் கோகிலாமணிக்கு அன்றைக்குச் சம்பளம் கிடையாது என்றார்கள். பழனாத்தாள் ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு, வாசலுக்கு வந்து, மதில் சுவரில் கத்திரியை ஓங்கி ஓங்கிக் குத்தினாள்.

அப்படியிருக்கையில்தான் தண்டபாணிக்குப் பெரிய விளக்கு ஆசை வந்தது. பழைய விளக்கு ஒரு பருவம் எரிந்து காட்டுவதைப் பெரிய விளக்கு ஒரு மணி நேரத்தில் காட்ட வேண்டும், அப்படிக் காட்டினால் உலகத்துத் துணியெல்லாம் பரீட்சைக்குச் செங்காட்டுப்பாளையத்துக்கு வரும் என்று முதலாளியிடம் சொல்லி, கரும்புத் தண்டிக்குக் கரிக்குச்சி வார்த்து, பெரிய கண்ணாடிக் கூண்டு செய்து வைத்தார். எல்லாம் வந்தது, வெளிச்சம்தான் வரவில்லை. தடித்த குச்சியில் உப்பு நிற்காமல் உதிர்ந்து, விளக்கு பழைய விளக்கைப் போலவே இருமித் துப்பியது. மறுபடி பழனாத்தாளிடம் வந்தார்கள். முதலாளியே வந்தார்.

"தகரம்," என்றாள் அவள். "வெளக்கு பத்தறதுக்கு முன்னால கோகிலாமணி உக்கார்ற எடத்துக்குத் தகரம் நிக்கணும். அப்பறம்தான் உப்பு."

"அதுக்கென்ன, போட்டாப் போச்சு," என்றார் அவினாசியப்பன். மாரியாத்தா மேல் சத்தியம் என்று தண்டபாணி சேர்த்துக்கொண்டார். அவள் நம்பினாள். தனக்காகக் கேட்டு வராதது இன்னொருத்திக்காகக் கேட்டால் வரும் என்று ஒரு நினைப்பு. ஆடி மாசம் முழுக்கப் பிசைந்து, சுட்டு, வெடித்து, மறுபடி பிசைந்து, உப்பைக் கரியோடு பிடிக்கவைத்துக் கொடுத்தாள்.

திறப்பு விழா அன்றைக்கு மில்லுக்கு மாவிலைத் தோரணம் கட்டி, வாழை மரம் நட்டு, பூசணிக்காய் உடைத்து, ரேடியோ செட் போட்டிருந்தார்கள். டெஸ்டிங் ரூமுக்குள் பழனாத்தாள் நுழைந்து பார்த்தாள். விளக்கு இருந்தது, சுற்று ஸ்டூல் இருந்தது, அதில் புதுச்சேலை கட்டிக் கோகிலாமணி இருந்தாள். தகரம் இல்லை.

"போட்டோ எடுத்து முடிச்சதும் போட்டர்லாம்மா," என்றார் தண்டபாணி. "தகரத்த நட்டா போட்டோவுல வெளக்கு உழுகாது."

"சத்தியம் பண்ணுனீங்க."

"போட மாட்டேன்னா சொன்னேன்?"

பழனாத்தாள் எல்லாரும் கேட்கச் சொன்னாள், உரக்கச் சொன்னாள், ரேடியோ செட்டுக்கு மேல் சொன்னாள். இந்த வெளக்குக்கு முன்னால நிக்காதீங்க, இது பழசு மாதிரி இல்ல, எனக்கு ஒரு பருவத்துல ஆனது இதுல நின்ன நிலையில ஆயிரும், தகரம் வர்ற வரைக்கும் பத்த வெக்காதீங்க என்று சொன்னாள். நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு என்று முதலாளி முகத்தைச் சுளித்தார். விளக்கால் ஆனதல்ல, பிறவியிலேயே இருந்தது என்று எழுதிக் கொடுத்த டாக்டர் அங்கேயே நின்றதால், அவருக்குப் பின்வாங்க வழி இல்லை. வேண்டுமானால் நானே முதல் வரிசையில் உட்காருகிறேன் என்றார். அதற்குப் பிறகு யார்தான் பின்னால் உட்காருவார்கள். முதலாளி நடுவில், அவர் தம்பி ஒரு பக்கம், துணி வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒரு பக்கம், தண்டபாணி, டாக்டர், சங்கத் தலைவர் துரைராசு என்று விளக்கைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் கூலிங்கிளாஸ் கொடுத்தார்கள்.

"வேலைக்காரங்க எல்லாம் பின்னால போங்க, பின்னால போங்க," என்று துரைராசு கையை ஆட்டினார். "பெரியவங்களுக்கு மறைக்காதீங்க."

எல்லாரும் பின்னால் போனார்கள். பழனாத்தாள் கோகிலாமணியின் கையைப் பிடித்து ஸ்டூலிலிருந்து இறக்கி, முதலாளியின் அகலமான முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் குனியவைத்துத் தானும் குனிந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சேர்ந்து பின்னால் நின்றவர்களுக்கு மறைப்பாக இருந்தார்கள். அந்த மில் தொடங்கின நாளாகப் பெரிய மனுஷர்கள் வேலைக்காரர்களுக்கு மறைப்பாக இருந்தது அந்த ஒரு தடவைதான்.

விளக்கு பற்றியது. போட்டோக்காரர் விளக்குக்கு அந்தப் பக்கம் காமிராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார், அதனால் தப்பித்தார். வெளியே நீட்டின ஒரு கை மட்டும் போயிற்று. வெளிச்சம் அதிகமாயிருக்குதுங்க, அசையாதீங்க, இன்னொண்ணு எடுத்துக்கறேன் என்று அவர் சொல்லிச் சொல்லி எடுத்தார், இவர்கள் அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. எழுந்தால் பயந்ததாக ஆகிவிடுமே.

விளக்கை அணைத்ததும் டாக்டர்தான் முதலில் கூலிங்கிளாஸைக் கழற்றினார். கண்ணைச் சுற்றி ரெண்டு வட்டம் மட்டும் பழைய டாக்டர், மிச்ச முகம் எண்பது வயசு. முதலாளியின் மீசை பஞ்சாகித் தொங்கியது. தம்பிக்கு முன்பல் இல்லை. தண்டபாணி எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் அவர்களுக்கு ஒன்றுமே ஆகாத மாதிரி இருந்தது: அதே கறுப்புத் தலைகள், அதே தடித்த பிடரிகள். துரைராசு திரும்பித் தோழர்களே என்றார், குரல் காற்றாக வந்தது. பின்னால் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டார்கள், ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை.

ஊர் அதற்கும் பழகியது. முதலாளி வரும்போது தாத்தா என்றும் போகும்போது அண்ணா என்றும் சொல்லிக்கொள்ளலாம் என்று சாயங்காலத்துக்குள் டீக்கடையில் முடிவாகிவிட்டது. ஆனால் மில் பழகிக்கொள்ளவில்லை. வயசான பாதிக்கு ஓய்வு என்றால் முதலாளியின் முன்பாதி வீட்டில் உட்கார வேண்டும், முன்பாதி இல்லாமல் கையெழுத்து யார் போடுவது. அதனால் அந்தச் சட்டம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பழனாத்தாளுக்கு விட்டுப்போன மிச்சமெல்லாம் சேர்த்து முழுச் சம்பளம் என்று ஆள் வந்து சொன்னது.

மறுநாள் காலையில் தகரம் வந்துவிட்டது.

சங்கு ஊதுவதற்கு முன்பே, அவினாசியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்று அடிக்கச் சொல்லி, விளக்கைச் சுற்றி நாலு பக்கமும் தகரம் நட்டு, திருகாணிக்கு ஓட்டை போட்டு, ஸ்டூலின் மோட்டாரைக் கழற்றி எறிந்து, எல்லாம் முடிந்திருந்தது. கோகிலாமணி தகரத்துக்கு இந்தப் பக்கம் அசையாத ஸ்டூலில் உட்கார்ந்து ஓட்டைக்குள் கையை விட்டுத் திருகிக்கொண்டிருந்தாள். ஜெயிச்சுட்டே பழனாத்தா என்று வாசலில் ரெண்டு மூன்று பேர் சொன்னார்கள். அவள் தகரத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். கேன்டீனுக்குப் பின்னால் விறகின் மேல் மூடிக் கிடந்த தகரம், காக்காய் எச்சம் இன்னும் காயாமல் இருந்தது. ஒரு மூலையைப் பிடித்து ஆட்டினாள், லேசாகத்தான் இருந்தது, இடது கை ஒன்றே போதும் தூக்க. வயிற்றிலிருந்து ஆத்திரம் மேலே வந்து ரெண்டு கண்ணையும், வலது கண்ணையும் இடது கண்ணையும், ஒரே மாதிரி சிவக்க வைத்தது. தையிலிருந்து இத்தனை காலமாய் அவள் நடந்த நடையும், பிடித்த கார்க் கதவும், போன பல்லும் முடியும் முழங்காலும், எல்லாம் இந்த விறகு மூடின தகரத்துக்காகவா.

அவினாசியப்பன் தடியை ஊன்றிக்கொண்டு கிட்டே வந்தார். "கேட்ட தகரம் வந்துருச்சு, முழுச் சம்பளமும் வந்துருச்சு," என்றார் பொக்கை வாயால். "இன்னும் எதுக்கம்மா மொறச்சுக்கிட்டு நிக்கறே?"

பழனாத்தாள் அவரை நேராகப் பார்த்தாள்.

"நாங் கேட்டப்ப வரலீங்களே," என்றாள்.